பூங்காவைப் பூட்டினால் கடைத்தெரு காக்கப்படுமா?



சங்கக் கூட்டங்களில் வரி, குப்பை, சாலைப் பள்ளம், ஆன்லைன் வியாபாரப் போட்டி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அண்மைக் காலத்தில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. அது கடைத்தெருவை ஒட்டியுள்ள பொதுப் பூங்காவைப் பற்றியது. இருட்டினால் அந்தப் பக்கம் பெண்கள் நடமாட அஞ்சுகிறார்கள். புதர் மறைவில் குடிக்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் திருடுகிறார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர் கழுத்துச் சங்கிலியில் கை வைக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறோம். சொல்லி முடித்ததும் தீர்மானம் ஒன்று எழுதப்படுகிறது. "மாலை 6 மணிக்கே பூங்காவைப் பூட்ட வேண்டும், சுற்றுச் சுவரை உயர்த்த வேண்டும், காவலாளி நியமிக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும்" என்பதே பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தின் சாரம்.

இந்தக் கவலை நியாயமானது. ஆனால் கேட்கும் பரிகாரத்தில் பாதி, நோயை வளர்க்கக் கூடியது என்பதை வணிக நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நமக்கு என்ன நட்டம்?

பூங்கா நகராட்சியின் சொத்து. அதன் பாதுகாப்பு காவல்துறையின் பொறுப்பு. இதில் மளிகைக் கடைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கல்லாவில் அமர்ந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு விடை தெரியும். மளிகை, பாத்திரம், துணி, ஃபேன்சி எந்தக் கடையானாலும் சில்லறை வியாபாரம் சூடு பிடிப்பது மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். குழந்தையை ஊஞ்சலில் ஆட விட்டுவிட்டு, போகும் வழியில் கால் கிலோ துவரம் பருப்பும் ஒரு சோப்பும் வாங்கிப் போகிற தாய்மார்கள் அந்த நேரத்து வாடிக்கையாளர்கள். பூங்காப் பக்கம் பயம் என்றால் அவர்கள் குழந்தையையும் அழைத்து வரமாட்டார்கள், கடைக்கும் வரமாட்டார்கள். வீட்டு வாசலுக்கே சரக்கு கொண்டு வந்து தரும் கம்பெனிகள் கைபேசிக்குள் காத்திருக்கின்றன. அப்படிப் போன வாடிக்கையாளர் திரும்பி வருவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. நம் கடைகளில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குக் கடை கட்டியதும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிறார்கள். பல ஊர்களில் அந்த வழி பூங்காச் சுவரை ஒட்டிய சந்துதான். அவர்கள் வீடு போய்ச் சேரும்வரை நமக்கும் பொறுப்பு உண்டு. சம்பளம் கொடுத்ததோடு அது தீர்ந்துவிடுவதில்லை.

பூட்டியபின் என்ன நடக்கும்?

ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தால் முதலில் வெளியேறுவது யார்? நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வூதியர்கள், குழந்தைகளோடு வந்த தாய்மார்கள், அரட்டையடிக்கும் முதியவர்கள். இவர்கள் மணியடித்தால் எழுந்து போகிறவர்கள். பூட்டைக் கண்டு அஞ்சாதவன் எவனோ, அவன் சுவரேறிக் குதிக்கிறான். முன்பு நூறு பேருக்கு நடுவில் பத்துப் பேராக இருந்தவர்களுக்கு இப்போது முழுப் பூங்காவும் சொந்தம். உள்ளே என்ன நடந்தாலும் பார்க்க ஆளில்லை. சுவரை உயர்த்தினால் அவர்களுக்கு இன்னும் வசதி. சாலையில் போகிறவர் கண்ணும் மறைந்துவிடும்.

சுவரேற மனமில்லாத மீதிப் பேர் எங்கே போவார்கள் என்றும் யோசிக்க வேண்டும். நம் கடைகளின் திண்ணைக்கும், ஷட்டர் இறக்கிய பின் கிடைக்கும் படிக்கட்டுக்கும், குடோன் சந்துக்கும்தான் வருவார்கள். காலையில் கடை திறக்க வருகிறவர் முதலில் பாட்டில்களைப் பொறுக்கிவிட்டுத்தான் வாசல் தெளிக்க வேண்டியிருக்கும். பூங்காவின் தொல்லையை நம் வாசலுக்கே கொண்டு வருகிற தீர்மானத்தை நாமே நிறைவேற்றுவதில் பொருளில்லை.

இரவு முழுவதும் திறந்து வைக்கச் சொல்லவில்லை. கடைத்தெரு ஓயும் நேரமும் பூங்கா மூடும் நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. கடைகள் ஒன்பதரை வரை திறந்திருக்கும் ஊரில் பூங்கா மட்டும் ஆறு மணிக்கு இருண்டு போவது, கடைத்தெருவின் நடுவே ஒரு இருட்டறையை நாமே கட்டி வைப்பது போலாகும்.

பிலடெல்பியா சொல்லும் பாடம்

இது நம் ஊர்களுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. பணக்கார நாடு என்று நாம் நினைக்கும் அமெரிக்காவில் இதைவிடக் கடுமையாக இருந்தது. அங்கே இதை ஆராய்ந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார். நியூயார்க்கில் கடைகளும் வீடுகளும் கலந்த ஹட்சன் தெருவில் குடியிருந்தவர். தெருவைப் பார்த்துப் பார்த்தே பாடம் படித்தவர். அமெரிக்கப் பெருநகரங்களின் சாவையும் வாழ்வையும் பற்றி 1961-ல் அவர் எழுதிய நூல் இன்றும் நகரமைப்பு மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

பூங்கா என்றாலே நல்லது, அது சுற்றுப்புறத்தைத் தானாக உயர்த்திவிடும் என்ற நினைப்பை அவர் ஏற்கவில்லை. சுற்றுப்புறம் எப்படியோ பூங்காவும் அப்படியே என்பது அவர் கட்சி. இதற்கு அவர் காட்டிய சான்று பிலடெல்பியா நகரம். அந்நகரை 1682-ல் திட்டமிட்டபோதே சதுக்கங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் ஒதுக்கப்பட்ட இரண்டு சதுக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தைச் சுற்றிக் குடியிருப்பு, அலுவலகம், உணவு விடுதி, கடை, நூலகம் எல்லாம் கலந்திருந்தன. காலையில் வேலைக்குப் போகிறவர் குறுக்கே நடந்தார், பின்பு தாய்மார் குழந்தைகளோடு வந்தனர், நண்பகலில் அலுவலகத்தார், மாலையில் குடும்பத்தார். ஒரு கூட்டம் எழுந்து போகும்போது அடுத்த கூட்டம் வந்து சேர்ந்தது. பூங்கா ஒருபோதும் ஆளற்றுக் கிடக்கவில்லை. அதனால் அஞ்சவும் வேண்டியிருக்கவில்லை.

வாஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றிலும் இருந்தவை பெரும்பாலும் பெரிய அலுவலகங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒரே நேரத்தில் போனார்கள். மற்ற நேரமெல்லாம் வெறிச்சோடிய இடத்தை வேண்டாதவர்கள் பிடித்துக் கொண்டார்கள். 1950-களில் நகராட்சி அதை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்துத் திருத்தி அமைத்தது. வேண்டாதவர்கள் கலைந்தார்கள், ஆனால் வேண்டியவர்கள் வந்து நிறையவில்லை. நல்ல வெயில் அடிக்கும் நாளில் மதிய உணவு நேரத்தில் சிலர் வந்து போனதோடு சரி.

வேண்டாதவர்கள் நிறைந்ததால் அந்தப் பூங்கா காலியாகவில்லை. காலியாக இருந்ததால்தான் அவர்கள் வந்து நிறைந்தார்கள் என்பதே அம்மையார் கண்ட முடிவு. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்து கொள்வதால்தான் நாம் பூட்டைத் தேடுகிறோம்.

நம்மைப் போன்றவர்களைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். தெருவின் அமைதியில் கடைக்காரர்களுக்கு இயல்பாகவே அக்கறை உண்டு. கண்ணாடி உடைவதும் திருட்டு நடப்பதும் வாடிக்கையாளர் பயப்படுவதும் அவர்களுக்குப் பிடிக்காது. ஆகவே போதிய எண்ணிக்கையில் கடைக்காரர்கள் இருந்தால் அவர்களே தெருவுக்கு நல்ல காவலர்கள் என்றார். காசு வாங்காத காவல் அது. காலை 6 மணிக்குப் பால் பாக்கெட் எடுத்து வைப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை தெருவைப் பார்த்தபடியே அமர்ந்திருக்கிற தொழில் நமது தொழில். எந்தப் பையன் எந்த வீட்டுப் பையன், எந்த வண்டி இந்தத் தெரு வண்டி என்று நமக்குத் தெரிவதைப் போல் இடமாறுதலில் வரும் அதிகாரிக்குத் தெரியாது.

நியூயார்க்கில் ஒரு பூங்கா மீண்ட கதை

அதே நியூயார்க்கில் 42-ஆம் தெருவில், பொது நூலகத்துக்குப் பின்னால் பிரையன்ட் பூங்கா என்று ஒன்று உண்டு. 1934-ல் அதைத் திருத்தி அமைத்தபோது தெரு இரைச்சல் கேட்காத அமைதிப் பூங்காவாக ஆக்க நினைத்தார்கள். தரையைத் தெருவைவிட உயர்த்தி, சுற்றிலும் சுவரும் இரும்பு வேலியும் அடர்ந்த செடி வேலியும் வைத்தார்கள். வாசல்கள் குறைவு. இந்த ஏற்பாடு என்ன ஆயிற்று? 1970-களில் போதைப் பொருள் விற்பவர்களுக்கு அது சந்தையாகிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே தெரியாது. உள்ளே மாட்டிக் கொண்டால் ஓட வழியில்லை. பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

வில்லியம் ஒயிட் என்ற ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்தார். பொது இடங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்பதைப் படமெடுத்து, எண்ணிப் பார்த்து ஆராய்ந்தவர் அவர். அவர் சொன்ன பரிகாரம் நம் தீர்மானங்களுக்கு நேர் எதிரானது. செடி வேலியை எடுங்கள், வாசலை அகலமாக்குங்கள், புதிய வழிகளைத் திறந்து விடுங்கள், உள்ளே நடப்பது தெருவில் போகிறவருக்குத் தெரியட்டும் என்றார்.

1980-ல் இதற்கென ஒரு கழகம் அமைத்தார்கள். 1988-ல் பூங்காவை மூடிப் பணிகளைத் தொடங்கி 1992-ல் திறந்தார்கள். வேலிகள் போயின, விளக்குகள் வந்தன, நெடுநாள் மூடிக் கிடந்த கழிவறை திருத்தித் திறக்கப்பட்டது, தின்பண்டக் கடைகளுக்கு இடம் தரப்பட்டது, வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக் கொள்ளும் நாற்காலிகளைச் சங்கிலி போடாமல் வைத்தார்கள். திருட்டுப் போகும் என்று பலர் சொன்ன நாற்காலிகள்தான் கூட்டத்தைக் கொண்டு வந்து சேர்த்தன. இன்று அந்நகரில் மக்கள் மிகுதியாகக் கூடும் பூங்காக்களில் அதுவும் ஒன்று.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. பூங்காவைச் சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்கள் மீது கூடுதல் வரி ஒன்று விதிக்கப்பட்டது. வசூலான தொகை பொதுக் கருவூலத்தில் கரைந்து போகாமல் அந்தப் பகுதிக்கே செலவிடப்பட்டது. உள்ளே இருக்கும் கடைகளின் வாடகையும் சேர்ந்தது. தருமம் என்று எண்ணி அவர்கள் கொடுக்கவில்லை. பூங்கா கெட்டால் தம் கட்டடத்தின் வாடகை இறங்கும் என்பதை அறிந்து கொடுத்தார்கள்.

பொது இடத்தைத் தனியார் கையில் கொடுப்பதா, ஏழைகளுக்கு இடமில்லாமல் போகாதா என்று அங்கேயே கண்டனங்களும் எழுந்தன. எனவே அப்படியே எடுத்துக் கையாள வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிகிற பூங்காவே பாதுகாப்பான பூங்கா என்ற அடிப்படையை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

நம் பக்கத்துக் குறைகள்

இனி நம் கடைத்தெருவுக்கு வருவோம். நகராட்சியைக் குறை சொல்லும் முன் பூங்காவின் சுற்றுவேலியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கம்பி வேலி போட்டது உள்ளே நடப்பது தெரியட்டும் என்பதற்காக. அதன்மேல் என்ன தொங்குகிறது? ஆடித் தள்ளுபடி பேனர், நகைக்கடை விளம்பரம், திருமண வாழ்த்துத் தட்டி, இரங்கல் சுவரொட்டி. இவற்றில் பல நம் கடைத்தெருவினுடையவை. வேலியை ஒட்டி என்ன நிற்கிறது? சரக்கு இறக்கிய பின் இரவு முழுவதும் நிற்கும் மினி லாரி, காலி அட்டைப் பெட்டிக் குவியல், அழுகிய காய்கறி மூட்டை. கண் போகும் வழியை நாமே அடைத்துவிட்டு, உள்ளே நடப்பது தெரியவில்லையே என்று முறையிடுகிறோம்.

குடிகாரர் தொல்லை என்கிறோம். பூங்காவில் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் மதுக்கடையில் மட்டும் வாங்கியவையா? 1-1-2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்கள் அவை. சட்டத்தை மதிக்கும் வணிகர்களே மிகுதி. எனினும் இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு டம்ளரும் ஒரு ஊறுகாய்ப் பொட்டலமும் கேட்கிறவர் எங்கே போகிறார் என்பது கொடுக்கிறவருக்குத் தெரியாமலில்லை. அந்தச் சில ரூபாய் வியாபாரத்துக்காக மறுநாள் மாலை வியாபாரத்தை இழப்பது எந்த ஊர்க் கணக்கு?

வாசலில் இருப்பவர் போட்டியா, துணையா?

அடுத்துச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். பூங்கா வாசலில் பூ விற்பவர், சுண்டல் வண்டிக்காரர், இளநீர்க்காரர் ஆகியோரை அப்புறப்படுத்த வேண்டும் என்பதும் நம் கோரிக்கைப் பட்டியலில் இடம் பெறுகிறது. வாடகையும் உரிமக் கட்டணமும் வரியும் கட்டிக் கடை நடத்துகிற நமக்கு, அவை எதுவும் இல்லாமல் நடைபாதையில் கடை விரிப்பவர்மீது மனக்குறை இருப்பது இயற்கையே. நம் கடை வாசலை மறித்து அதே சரக்கை விற்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் பூங்கா வாசல் வேறு. மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து பூக் கட்டும் அம்மாவுக்கு உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லாரையும் தெரியும். தனியாக வரும் பெண்ணுக்கு, வாசலில் ஒரு விளக்கும் ஒரு மனிதரும் இருப்பதே பாதித் தைரியம். சம்பளத்துக்கு வரும் காவலாளி கைபேசியில் படம் பார்க்கலாம். பூக்கார அம்மா வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அவரை விரட்டிவிட்டு அந்த இடத்துக்குக் காவலாளி கேட்பது கைக்காசைப் போட்டு நட்டத்தை வாங்குவதாகும்.

இதற்குச் சட்டப்படியான வழியும் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஊர்தோறும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகளோடு வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அந்த நாற்காலியில் போய் அமர்ந்து, பூங்கா வாசலில் இத்தனை பேர், இன்னின்ன பொருள், இந்த அளவு இடம், குப்பைக்கு அவரே பொறுப்பு என்று ஒழுங்கு செய்து கொள்ளலாம். நடைபாதையும் மறையாது, வாசலும் வெறிச்சோடாது.

கேமரா மட்டும் போதுமா?

சென்னையில் 2017-க்குப் பின் வந்த ஆண்டுகளில் காவல்துறை "மூன்றாவது கண்" என்ற பெயரில் தெருத் தெருவாகக் கேமரா பொருத்த முனைந்தபோது வணிகர்கள் கைகொடுத்தார்கள். குற்றவாளிகளைப் பிடிக்க அது பெரிதும் உதவியது. கேமரா வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை.

அது நடந்து முடிந்ததைக் காட்டும். நடக்கும்போது குரல் கொடுக்காது. மேலும் பல கடைகளில் கேமரா கல்லாவைப் பார்த்தபடி இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டடை, பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பது முதலாளிக்கே தெரியாது. பூங்காவுக்கு எதிரே உள்ள கடைகள், வாசல் கேமராக்களில் ஒன்றைச் சாலையும் பூங்கா வாசலும் தெரியும்படி திருப்பி வைத்தாலே புதிதாக வாங்கும் செலவு பாதி குறையும். மாதம் ஒருமுறை துடைத்து, பதிவு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவைக் காவல்துறை கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பார்ப்பதும், கைபேசியில் அனுப்பி வைப்பதும் கூடவே கூடாது.

யாரை விரட்டக் கூடாது?

பாதுகாப்பு என்ற பெயரில் வேண்டாத வேலையும் நடந்துவிடக் கூடும். மதிய வேளையில் பூங்கா மரநிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர் யார் என்று பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு நம் மண்டியில் மூட்டை இறக்கிய தொழிலாளியாக இருக்கும். அவர் படுக்க வேறு இடமில்லை. அழுக்குச் சட்டையைப் பார்த்துச் சந்தேகப்படும் காவல், நல்ல சட்டை போட்டு வரும் திருடனை விட்டுவிடும்.

அதேபோல் இளைஞனும் இளம்பெண்ணும் ஒரு பெஞ்சில் பேசிக் கொண்டிருப்பது நம் சங்கத்தின் அலுவல் அல்ல. அவர்களை மிரட்டுவதும் விரட்டுவதும் சட்டத்துக்கும் பொருந்தாது, பூங்காவுக்கும் உதவாது. பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது வேறு. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்ணுக்கு இன்னல் விளைவித்தலைத் தடை செய்யும் சட்டம் பூங்காவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; 2025-ல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. அப்படி ஒன்றைக் கண்டால் 100 அல்லது 112, பெண்களுக்கு 181, குழந்தை என்றால் 1098. இந்த எண்களை அழைப்பதும், நான்கு பேர் எழுந்து நின்று "என்னப்பா அங்கே?" என்று குரல் கொடுப்பதும் போதும். அடிதடியில் இறங்கி வழக்கில் மாட்டிக் கொள்ள வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் அளவில் தொடங்கக் கூடியவை சில:

1. பூங்கா வேலியில் நம் உறுப்பினர்களின் பேனர், தட்டி எதுவும் இல்லை என்று சங்கமே முடிவு செய்து முதலில் அகற்றட்டும். வேலியை ஒட்டிச் சரக்கு வண்டி இரவில் நிற்கக் கூடாது. குப்பை கொட்டக் கூடாது.

2. புதர்ச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டவும், மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழிக்கவும் நகராட்சியிடம் எழுதிக் கேட்போம். மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். நிழல் போனால் கூட்டமும் போய்விடும்.

3. விளக்கு எத்தனை என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உயரமான கம்பத்து விளக்கைக் கிளை மறைத்தால் நடைபாதை இருட்டாகவே கிடக்கும். எரியாத விளக்கின் கம்ப எண்ணைக் குறித்து உடனே புகார் செய்ய ஒரு கடைக்காரரைப் பொறுப்பாக்குங்கள்.

4. வாசல் ஒன்றுதான் என்றால், கடைத்தெருப் பக்கம் இன்னொன்று கேளுங்கள். பூங்காவின் குறுக்கே நடந்து கடைத்தெருவுக்கு வர முடிந்தால் பூங்காவில் எப்போதும் நடமாட்டம் இருக்கும்.

5. பெண்கள் பயன்படுத்தக் கூடிய கழிவறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிவறை இல்லாத பூங்காவில் தாய்மார் அரை மணிக்கு மேல் தங்கமாட்டார்கள்.

6. ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் ஒன்றைப் பூங்காவுக்கு எதிரே உள்ள கடையில் வைக்கும்படி காவல் நிலையத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட வரும் காவலர் பூங்காவையும் ஒரு பார்வை பார்ப்பார்.

7. பூங்காவைச் சுற்றியுள்ள கடைகள் மாலை நேரத்துக்கு முறை வைத்துக் கொள்ளலாம். இன்று யார் முறையோ, அவர் ஏழு மணிக்கும் எட்டரைக்கும் ஒரு சுற்றுப் போய் வரட்டும். உட்கார்ந்தே தொழில் செய்கிறவர்களுக்கு அது உடம்புக்கும் நல்லது.

8. மாதம் ஒருநாள் மாலையில் பூங்காவில் இருப்பவர்களை எண்ணி எழுதுங்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை? வழக்கத்தைவிடப் பெண்கள் குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்பது வில்லியம் ஒயிட் கண்ட அளவுகோல். அதிகாரியிடம் "பாதுகாப்பு இல்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தக் கணக்கை நீட்டுவது பலன் தரும். கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்லவே!

இவற்றை எங்கே சொல்வது? நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. வட்டக் கவுன்சிலர் முன்னிலையில் நேரடியாகப் பேசக் கூடிய இடம் அது. கூட்டம் நடக்கும் நாளில் நம்மவர் ஒருவராவது கடையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போய் வரவேண்டும். செலவுக்கு "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. பொதுமக்கள் ஒரு பங்கைப் போட்டால் அரசு மீதியைப் போடும். பூங்காப் பணிக்கும் அதில் இடமுண்டு.

"வரியும் கட்டி இதற்கும் கொடுப்பதா?" என்ற கேள்வி எழும். வரி கட்டியதற்கு நகராட்சி செய்ய வேண்டியதைக் கேட்டே பெற வேண்டும். அதில் விட்டுக் கொடுக்க வேண்டாம். ஆனால் மேலே சொன்ன எட்டில் பாதிக்கு மேல் பணம் வேண்டாத வேலைகள். நாம் எடுக்க வேண்டியதை எடுத்து, மறைத்ததைத் திறந்துவிட்டுக் கேட்டால் நம் குரலுக்கு எடை கூடும்.

போன இடம் திரும்பாது

இன்னொரு குரலும் சில இடங்களில் கேட்கிறது. "பயன்படாத பூங்காதானே, அங்கே வணிக வளாகமோ வண்டி நிறுத்துமிடமோ கட்டிவிட்டால் நமக்கு வசதி" என்பார்கள். சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்று நூறு ஏக்கருக்கும் மேல் பரந்த பூங்கா ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் உண்டானது. அதன் நிலத்தில் மூர் மார்க்கெட் எழுந்தது, ரிப்பன் கட்டடம் எழுந்தது, விளையாட்டரங்கம் எழுந்தது. ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதே. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. பூங்கா நிலம் மட்டும் மீண்டும் பூங்காவாகவில்லை. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. வேறு பயனுக்கு மாற்ற அரசின் அனுமதி வேண்டும் என்கிறது அது. ஆயினும் மக்கள் கைவிட்ட இடத்தைச் சட்டம் மட்டும் காப்பாற்றி வைக்க முடியாது.

சென்னைத் தியாகராய நகரை 1920-களில் அமைத்தவர்கள் நடுவில் ஒரு பூங்காவை வைத்தே தெருக்களை வகுத்தார்கள். அதுவே பனகல் பூங்கா. நாட்டின் பெரிய கடைத்தெருக்களில் ஒன்று அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. பூங்கா இருந்ததால் வியாபாரம் கெட்டுப் போய்விடவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் பூங்காவைப் பூட்டச் சொல்லும் தீர்மானம் வந்தால், உறுப்பினர்கள் அதைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். கடை திறந்திருக்கும்வரை பூங்காவும் திறந்திருக்கட்டும், விளக்கு எரியட்டும், வேலி மறைவின்றி இருக்கட்டும், வாசலில் ஆள் இருக்கட்டும் என்பதாக அது அமையட்டும். அந்தத் தீர்மானத்தை நகராட்சிக்கு அனுப்பும் முன்பாகவே, வேலியில் தொங்கும் நம் பேனர்களை நாமே கழற்றிவிடுவோம். தொடக்கம் நம்முடையதாக இருக்கட்டும்!